கார்புரேட்டருக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே, ஒன்பது வயதில் ஓர் ஏரோப்பிளேனை நிறுத்தி உங்கள் தாத்தாவின் உயிரை நான் காப்பாற்றிய கதையை என் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். பெரியவனுக்கு அது மனப்பாடம். சின்னவள் போன வருடம் பள்ளிக்கூடத்தில் அதை இந்தியில் சொல்லிக் கைதட்டல் வாங்கி வந்தாள். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வரை அது எனக்கே தெரியாது. அன்றைக்குச் சின்னவளைக் காரணமில்லாமல் அதட்டி உள்ளே அனுப்பினேன் அல்லவா, அதற்கும் இதுதான் காரணம். வாயால் சொன்னால் மறுபடியும் பழைய மாதிரியே சொல்லிவிடுவேன், பழகிய நாக்கு. அதனால் நோட்டில் எழுதுகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். மெதுவாகவே படியுங்கள்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே சாமி. தண்ணீருக்குச் சந்து முனைக் குழாய். அப்பா சயானில் ஒரு மோட்டார் கராஜில் மெக்கானிக். எஞ்சின் வேலை பலருக்குத் தெரியும். அப்பாவின் கைக்கு வாய்த்தது கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பாகம் அது. அந்த அளவு கொஞ்சம் தப்பினாலும் வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். டாக்சிக்காரர்கள் குர்லாவிலிருந்தும் தாதரிலிருந்தும் அப்பாவைத் தேடி வருவார்கள். அப்பா பானட்டைக்கூடத் திறக்கமாட்டார். தலையைச் சற்றே சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். "இதுக்கு வயிறு சரியில்ல" என்பார்.

அந்தக் கராஜுக்கு ஒரு பார்சிக் கிழவர் தன் காரைக் கொண்டுவருவார். எல்லோரும் அவரைப் பாவாஜி என்பார்கள். ஜூஹு விமான மைதானத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பழசு. கார்புரேட்டர் கெட்டு, சீமையிலிருந்து சாமான் வராமல், இரண்டு வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. கடைசியில் பாவாஜி அப்பாவிடம் வந்தார். அப்பா அதைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். லைசென்ஸ் உள்ள ஓர் எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நன்றாகப் பறந்தால் அப்பாவுக்கு அந்தக் கொட்டகையிலேயே நிரந்தர வேலை. காக்கி உடுப்பு, மாதச் சம்பளம், பக்கத்திலேயே குடியிருக்க ஓர் அறை, அறைக்குள்ளேயே குழாய். அம்மா அரிசி களையும்போது "உள்ளயே கொழாய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

தசராவுக்குக் கராஜை மூடிவிட்டார்கள். அதனால் கார்புரேட்டர் துண்டில் சுற்றப்பட்டு, காய்கறிப் பைக்குள் உட்கார்ந்து, பஸ்ஸில் அப்பாவின் மடியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. விமானத்தின் பாகத்தை இப்படி வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாதுதான். அப்போது கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு நாள் எங்கள் வீட்டில் அதற்குத்தான் மரியாதை. அப்பா வெள்ளை வேட்டியைக் கிழித்து விரித்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். உள்ளே ஒரு பித்தளை மிதவை இருந்தது. குண்டு மாத்திரை டப்பா போல இருக்கும், உள்ளே வெறும் காற்று. அதில் ஊசித் துளை விழுந்தாலும் பெட்ரோல் உள்ளே புகுந்து கனத்துவிடுமாம். அதைச் சோதிக்க அம்மாவின் சோற்றுப் பானையில் வெந்நீர் வைத்து அமுக்கிப் பார்த்தார். ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஈயம் பற்றவைத்து அடைத்து, மறுபடியும் அமுக்கினார். குமிழி வரவில்லை.

"அந்தப் பானையில இனிமே சோறு பொங்கவா, பிளேனு பொங்கவா?" என்றாள் அம்மா.

"பிளேனு பொங்கினாத்தான்ட்டி உள்ளயே கொழாய்" என்றார் அப்பா.

அந்தத் துண்டுகளிலேயே சிறியது ஜெட். வேர்க்கடலைப் பருப்பு அளவு பித்தளை, நடுவில் நீளவாக்கில் ஒரு துளை. எஞ்சின் குடிக்கிற பெட்ரோல் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்று அப்பா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. டாக்சி ஓட்டியவர், நாக்கு நீளம்.

"அது அடைச்சுக்கிட்டா?" என்றார் மாமா.

"நின்னுரும்."

"ரோட்டுல நின்னா ஓரமாத் தள்ளிட்டுப் போயி ஒரு சாயா குடிக்கலாம். மேல நின்னா எந்த ஓரத்துக்குத் தள்ளுவிய?"

மாமா சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஹோலி சமயம், எங்கள் சந்துக்குப் பின்னால் கரும்புகை எழும்பியதைப் பார்த்து "தீ! தீ!" என்று நான் கத்திவிட்டேன். சந்தே திரண்டது. வரிசையில் நின்று பிடித்துவைத்த குடிதண்ணீரையெல்லாம் குடம் குடமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே யாரோ கூரை ஒழுகலுக்குத் தகர டின்னில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தான். தாரும் போயிற்று, தண்ணீரும் போயிற்று. அப்பா அத்தனை பேர் முன்னாலும் என்னை ஓர் அறை அறைந்தார். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். சந்து விடவில்லை. குழாயடியில் என்னைக் கண்டாலே, "ஏல, இன்னைக்கு எங்கலே தீ?" என்று கேட்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மூடிக்கொண்டேன். மழைக்காலத்தில் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியபோது இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாதம் வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகு அப்பாதான் பார்த்து, தோளில் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "ஏம்லே சொல்லல? ஏம்லே சொல்லல?" என்று வழியெல்லாம் கேட்டார்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கராஜைப் பூஜைக்கு மட்டும் திறக்கிறார்கள் என்று அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பலகையில் அப்பாவின் ஸ்பேனர்கள், குறடு, ஸ்குரு டிரைவர் எல்லாம் எண்ணெய் போகத் துடைத்துப் பரப்பியிருந்தன. "எல்லாத்துக்கும் பொட்டு வையி. ஒன்னையும் விட்டுராதே. விட்டா அதுக்குக் கோவம் வரும்" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். வைத்தேன். அம்மாவின் அரிவாள்மனைக்கு, கத்தரிக்கோலுக்கு, என் சிலேட்டுக்கு, மாமா விட்டுப்போன டாக்சிச் சாவிக்குக்கூட வைத்தேன்.

கட்டிலுக்கு அடியில், துணி போர்த்தி, கார்புரேட்டரின் துண்டுகள் இருந்தன. அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அதுகிட்ட யாரும் போகப்படாது." ஆனால் அம்மா ஒன்றையும் விடக்கூடாது என்றாளே. யோசித்துப் பார்த்தேன். ஸ்பேனர் தரையில் இருக்கப் போகிறது. இவை ஆகாயத்துக்குப் போகப் போகின்றன. கோபம் வந்தால் எதன் கோபம் பெரிது?

துணியை விலக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். மிதவைக்கு வைத்தேன். ஊசிக்கு, திருகுகளுக்கு, மூடிக்கு. கடைசியில் ஜெட். விரலால் வைத்தால் பொட்டு ஜெட்டைவிடப் பெரிதாக இருந்தது. தீக்குச்சியில் சந்தனம் தொட்டு அதன் தலையில் வைத்து அழுத்தினேன். துளையைக் காணவில்லை.

ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினேன். கொஞ்சம் வந்தது. மீதி உள்ளே போனதா வெளியே வந்ததா என்று பார்ப்பதற்குள் வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். அள்ளிப் போர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். பூஜை முடிந்ததும் அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. அப்பாவும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அப்பா துணியை விலக்கினார். அத்தனையும் பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி வரிசையாக இருந்தன.

"யாரு பாத்த வேல இது?"

நான் சுவரைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "நாந்தான் வச்சேன். சாமிக்கு வச்சதுக்கு எதுக்கு இந்தச் சத்தம் போடுதிய? தொடச்சா போவுது" என்றாள்.

அப்பா ஒரு கந்தலை எடுத்து மிதவையின் பொட்டைத் துடைத்தார். அதற்குள் அம்மா என்னை மண்ணெண்ணெய் வரிசைக்கு அனுப்பிவிட்டாள். வரிசை நீளம். நான் டின்னோடு திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அறை முழுக்கப் பெட்ரோல் வாடை. கார்புரேட்டர் ஒரே கட்டியாக, மூடி திருகி, திருகுகள் கழலாமல் இருக்கப் பூட்டுக்கம்பி முறுக்கி, வேட்டித் துணியின் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் சந்தனக் கறை படிந்த கந்தல். அன்றைக்கு அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. பூஜைக்கு வாங்கிய பொரியும் முந்தின நாள் சுண்டலும்தான் சாப்பாடு. பண்டிகை வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே இருக்கிற ஜெட்டைத் துடைத்தாரா? வெளியே துடைத்து, உள்ளே விட்டுவிட்டாரா? நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதைத் தனியாகப் பார்த்திருப்பாரோ? அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு இனி எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அப்பா அதை ஜூஹுவுக்குக் கொண்டுபோனார். எஞ்சினியர் மேலும் கீழும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். சனிக்கிழமை எஞ்சினில் பூட்டினார்கள். அன்று சாயங்காலம் அப்பா வந்து சொன்ன சேதிதான் என்னை முடித்துவிட்டது. அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டாம். ரிப்பேர் பார்த்த எஞ்சினில் கடைசித் திருகை முடுக்கிய கை யாருடையதோ, அவன் முதல் பறப்பில் முன் சீட்டில் உட்கார வேண்டும். பாவாஜி பின் சீட்டிலிருந்து ஓட்டுவார்.

"அதாவது, வேல ஒழுங்கா இல்லன்னா ரெண்டு பேரும் சேந்து போவோம்னு அர்த்தம்" என்றார் மாமா. "நல்ல வழக்கம்தான். டாக்சிக்கும் வச்சா பம்பாயில பாதி மெக்கானிக் மிஞ்சமாட்டான்."

"வாயக் கழுவுலே" என்றாள் அம்மா. அவள் அப்பாவின் சட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, நன்றாக இருந்த பொத்தான்களையே மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே காற்று அடிக்குமாம்.

நான் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு காலை குழாயடியில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், "அப்பா, அந்தச் சின்ன..." என்று ஆரம்பித்தேன். வரிசையில் நின்ற ஒரு மாமி குடத்தைத் தட்டினாள். "என்னலே, காலையிலயே தீயா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வாய் நிறையப் பல்பொடியோடு என்னைப் பார்த்து, என்ன என்பதுபோல் தலையை அசைத்தார். "ஒன்னுமில்ல" என்றேன். அப்பா சிரிக்கவில்லை என்பதும், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது.

மாஹிமில் ரயில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்து ஜூஹு போனோம். அப்பா, மாமா, நான். அம்மா வரவில்லை. பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரயிலில் அப்பா கதவோரம் நின்று காற்று வாங்கினார். நான் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே போனேன்.

விமானம் மஞ்சள் நிறம். இறக்கை இரண்டு அடுக்கு, நடுவே கம்பிகள். நான் மெல்லப் போய் இறக்கையைத் தொட்டேன். தொட்ட இடம் அமுங்கியது. இரும்பு இல்லை, தகரம் இல்லை. துணி. துணியை இழுத்துக் கட்டி மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். மாமாவும் தொட்டுப் பார்த்தார். "ஏல, கொடத் துணி மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக மாமாவின் குரலில் சிரிப்பு இல்லை.

அப்பாவுக்குத் தோல் குல்லா மாட்டினார்கள். முன் சீட்டில் அவர் உட்கார்ந்தபோது குல்லாவும் கண்ணும்தான் வெளியே தெரிந்தன. ஒருவன் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிட்டான். எஞ்சின் இரண்டு முறை இருமி, பிடித்துக்கொண்டது. புல்லெல்லாம் படுத்தது. அப்பா வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை இழுக்க ஆள் குனிந்தான்.

ஜெட்டில் சந்தனம் இருக்கிறது, நான்தான் வைத்தேன், துளை அடைந்திருக்கும், இறக்கிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தில் அவ்வளவும் எப்படிச் சொல்வது? மாமாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். ஆறு மாதமாக நான் உச்சரிக்காத ஒரே சொல்தான் என் வாயிலிருந்து வந்தது. அதுவும் முதலில் இந்தியில்.

"ஆக்! ஆக் லகா! தீ! தீ!"

கட்டைக்காரன் துள்ளி எழுந்து இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே ஆட்டினான். மணல் வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். விசிறி நின்றது. மாமா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தீ எங்கே என்று எல்லோரும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தீ எங்கும் இல்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எஞ்சினியர் என் காதைப் பிடித்துத் திருகி, தீ எங்கே என்று இந்தியில் கேட்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "இவனக் கூட்டிட்டு வந்தேனே, என்னச் சொல்லணும். இது இவனுக்கு ஒரு வியாதி மச்சான்."

அப்பா இறங்கி வந்தார். குல்லாவைக் கழற்றினார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"என்னலே? சொல்லு."

சொன்னேன். அழுகையும் சளியுமாக, தீக்குச்சியிலிருந்து ஈர்க்குச்சி வரைக்கும் எல்லாம் சொன்னேன். அம்மா வைக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்றும் சொன்னேன். பாவாஜி கீழே இறங்கி, "க்யா போல்தா ஹை சோக்ரா?" என்று, பையன் என்ன சொல்கிறான் எனக் கேட்க, அப்பா நான் சொன்னதை அப்படியே இந்தியில் சொன்னார். 'சந்தன்' என்ற சொல் வந்ததும் மணல் வாளிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். இது ஏரோப்பிளேனா, கோயிலா என்று கேட்டார் எஞ்சினியர். முதலில் தீ என்றான், இப்போது சந்தனம் என்கிறான். பொய் சொல்கிற பையன், வெளியே அனுப்புங்கள், நேரமாகிறது என்றார். பாவாஜி மட்டும் சிரிக்கவில்லை. திறந்து பார்த்துவிடு என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா பூட்டுக்கம்பியை வெட்டினார். திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஜெட் வெளியே வந்தது. அதை இரண்டு விரலில் பிடித்து, காலை வெயிலுக்கு நேராகத் தூக்கினார். எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். நான் மட்டும் கீழே, அவருடைய முகத்துக்கு நேரே. விரல்களின் நிழல் அவர் முகத்தில் விழுந்திருந்தது. அந்த நிழலுக்கு நடுவில், இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு. நான் வைத்த பொட்டுகளை எல்லாம்விட அழகாக வட்டமாக இருந்தது. அழுகைக்கு நடுவிலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜெட்டை வாயில் வைத்து ஓங்கி ஊதினார். சட்டை ஓரத்தில் துடைத்தார். திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கச்ரா தா, சாப்."

குப்பை இருந்தது என்று அர்த்தம். சிரிப்பு அடங்கிவிட்டது. எஞ்சினியர் பையிலிருந்து நோட்டை எடுத்து என்னவோ எழுதினார். அப்பா அவர் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாவாஜி என் தலையில் கை வைத்து, "ஷாபாஷ்" என்று ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். ஜெட்டை எஞ்சினியர் தானே வாங்கிப் பார்த்து, தானே மாட்டி, தானே கம்பி முறுக்கினார். கடைசித் திருகை முடுக்கிய கை அவருடையது ஆகிவிட்டதால் முன் சீட்டில் அவர்தான் உட்கார்ந்தார். தோல் குல்லாவை அப்பா அவரிடம் கொடுத்தார்.

விமானம் புல்லில் ஓடி எழும்பியது. கடல் பக்கம் போய் வளைந்து, சின்னதாகி, பெரிதாகித் திரும்பி வந்தது. எஞ்சின் ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை. அப்பா கீழே நின்று, தலையைச் சாய்த்து, கடைசிவரை அந்தச் சத்தத்தைக் கேட்டார். நான் பெப்பர்மின்டைச் சப்பிக்கொண்டு அவர் விரலைப் பிடித்திருந்தேன். அப்பா தரையில் நிற்கிறார். எனக்கு வேறென்ன வேண்டும்? அவர் முகம் ஏன் சந்தோஷமாக இல்லை என்பது மட்டும் புரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். "பயம்னா சொல்லிரணும்லே. எப்பவும் சொல்லிரணும். இன்னைக்குச் சொன்னெல்லா, அப்படி."

அதற்குப் பிறகு ஜூஹுவிலிருந்து ஆள் வரவில்லை. காக்கி உடுப்பு வேறு யாருக்கோ போயிற்று என்று கேள்விப்பட்டோம். அம்மா இன்னும் ஆறு வருடம் சந்துக் குழாயில் நின்றாள். அப்பா டாக்சிகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும் போகிற இடமெல்லாம் கதையைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் சந்தனத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். குழாயடியில் தீ எங்கே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. "பிளேனையே நிறுத்துன பய" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு வாய் திரும்பி வந்தது. பிறகு அந்த வாய் நிற்கவே இல்லை, உங்களுக்கே தெரியும். கதையை நான் சொல்லும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தின் கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஆட்கள் அவரைப் பார்த்து, நிஜமாகவா என்று கேட்டால், "ஆமா, கடுகளவு இருந்துச்சு" என்பார். என் கல்யாணத்தில்கூட அப்படித்தான் சொன்னார்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை. செம்பூருக்கு வந்த பிறகு நான் வாங்கிய அந்தப் பழைய ஸ்கூட்டர் திணறியது. பால்கனியில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்தேன். சின்னவளே, நீ தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாய். ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா என்று அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அடைப்பு இல்லை. நீ சிரித்தாய். "அப்பா, உங்க கன்னத்துல லைட் பொட்டு!"

எங்கே என்று கேட்டேன். விரலால் தொட்டுக் காட்டினாய். நான் "உள்ளே போ" என்று கத்தினேன்.

துளை அடைந்திருந்தால் வெளிச்சம் எப்படி வரும்? ஜெட்டை அவர் ஊதுவதற்கு முன்பே அந்தப் பொட்டை நான் பார்த்தேன். முதலில் பொட்டு. பிறகுதான் ஊதினார். இருபத்தைந்து வருடமாக என் கண்ணில் இருக்கிற காட்சி அது, ஒரு நாளும் வரிசை மாறியதில்லை. பிறகு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. ஒரே அறையில் பெட்ரோலைக் கிண்ணத்தில் ஊற்றி எல்லாத் துண்டுகளையும் மறுபடியும் கழுவினால் அடுப்புப் பற்றவைக்க முடியாதே. அதனால்தான் பொரி. அதனால்தான் பழைய சுண்டல். நான் வரிசையில் நின்ற நேரம் முழுக்க அவர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பொய்யன் என்றவர்கள் முன்னால், இல்லாத குப்பையை இருந்தது என்று சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. இனிமேல் யாராவது கேட்டால், நான் யார் உயிரையும் காப்பாற்றவில்லை என்று சொல்லுங்கள். விமானத்தை நிறுத்தியது மட்டும் நிஜம்.

திங்கட்கிழமை நீங்கள் எல்லோரும் போன பிறகு, எனக்கு இரண்டாவது ஷிப்ட் என்பதால், வீட்டில் தனியாக இருந்தேன். ஷேவிங் கண்ணாடியைப் பால்கனிச் சுவரில் சாய்த்துவைத்து, ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன். முதலில் விழவில்லை. விரலைக் கொஞ்சம் திருப்பினேன். இடது கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. கை வலிக்கும்வரை பார்த்தேன். பிறகு ஜெட்டை வாயில் வைத்து ஊதி, சட்டை ஓரத்தில் துடைத்து, திரும்பி, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "கச்ரா தா, சாப்" என்று சொல்லிப் பார்த்தேன்.